கைகழுவும் தொட்டியும் ஒரு வாக்கியத் திருத்தமும்



வல்லினம் மிகும் இடங்கள், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் என்று எழுதி வருபவன் இன்று கைகழுவும் தொட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று வியப்படைய வேண்டா. சென்ற வாரம் வேறொரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நண்பர் கைப்பேசியில் அழைத்தார். "எங்கள் பள்ளிக் கழிப்பறையில் ஜிப்சம் சுவர் இருக்கிறது. அதில் ஒரு தொட்டி மாட்டப் போகிறோம். நீங்கள் முன்பு மாட்டினீர்களே, எந்தத் திருகாணி வாங்கலாம்?" என்று கேட்டார். "திருகாணியைப் பிறகு பார்க்கலாம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்றேன். விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவுமே என்றார் நண்பர். எழுதுவதென்றால் என் பிழையையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. தொடக்கப்பள்ளி மாணவர்கள் ஜூலை மாதத்தில்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள். பள்ளியைத் திறப்பதற்கு முந்திய நாள்களில் ஆசிரியர்கள் அறையில் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசியதைவிடச் சவர்க்காரத்தையும் தண்ணீர்க் குழாயையும் பற்றிப் பேசியதே மிகுதி. முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான கழிப்பறையின் முன்னறையில் ஒரே ஒரு கைகழுவும் தொட்டிதான் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இன்னொன்று வாங்கித் தந்தது. பீங்கான் தொட்டி. எடை ஏறத்தாழ பத்துக் கிலோ. சுவரிலிருந்து நாற்பது செண்டிமீட்டர் முன்னே நீளும். மாட்டுவதற்குக் கேட்ட கூலி, தொட்டியின் விலையைத் தாண்டியது.

"நானே மாட்டித் தருகிறேன்" என்று கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

வீட்டில் புத்தக அலமாரியும் திரைச்சீலைக் கம்பியும் மாட்டிய கை இது. காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டேன். அதில் இருந்தது செங்கற்சுவர் என்பது என் மண்டையில் ஏறவில்லை. தொட்டியின் விளிம்பைத் தரையிலிருந்து 82 செண்டிமீட்டர் உயரத்தில் வைத்தேன். ஏற்கெனவே இருந்த தொட்டியின் உயரம் அதுதான். எனக்கும் வாட்டமாக இருந்தது. இரண்டு இடங்களில் துளையிட்டேன். துளையிடும் கருவி இரண்டே விநாடியில் 'பொத்'தென்று உள்ளே போனது. வெள்ளை வெளேரென்று தூள் கொட்டியது. வேலை இவ்வளவு எளிதா என்று மகிழ்ந்தேன்!

இங்கேதான் சுவர் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. செங்கற்சுவர் என்றால் சிவந்த தூள் வரும். கை வலிக்க அழுத்த வேண்டும். கற்காரை என்றால் சாம்பல் நிறத்தூள் வரும், காது கிழியும். வெள்ளைத் தூள் கொட்டிச் சட்டென்று வெறுமைக்குள் போனால், அரை அங்குல ஜிப்சம் பலகையைத் தாண்டிவிட்டோம், அதற்கு அப்பால் காற்றுதான் என்று பொருள். நான் அந்தத் துளையில் நெகிழி 'பிளக்'கைத் தட்டிச் செருகி, திருகாணியை முடுக்கி, தொட்டியின் பின்விளிம்பு முழுக்கச் சிலிக்கோன் பசையைப் பூசிவிட்டேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. ஒட்டியிருந்தது சிலிக்கோன். தண்ணீர் புகாமல் தடுப்பதே அதன் வேலை, எடையைத் தாங்குவது அதன் வேலையன்று. புதுப்பசை சில மாதங்களுக்கு என் பிழையை மூடி வைத்திருந்தது.

நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச் முதல் நாள் பாலர் பள்ளியும் முதலிரண்டு ஆண்டுகளும் திறந்தபோது, முதலாம் ஆண்டுக்குப் புதிய குழந்தைகள் வந்தார்கள். பள்ளிச் சீருடையை அன்றுதான் முதன்முதலாக அணிந்து வந்த குழந்தைகள். மணிக்கொரு முறை கை கழுவ வேண்டும் என்று நாங்கள்தாம் அனுப்பினோம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி நடைபாதையில் என்னிடம் ஓடி வந்தாள்.

"ஐயா, சிங்கி ஆடுது."

நான் குனிந்து, கனிவாகத்தான் சொன்னேன். "'சிங்கி ஆடுது' என்று சொல்லக்கூடாது அம்மா. 'கைகழுவும் தொட்டி அசைகிறது' என்று சொல்ல வேண்டும். எங்கே, சொல்."

"கைகழுவும் தொட்டி அசைகிறது, ஐயா."

"நன்று!" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் தொட்டி விழுந்தது. விழுந்தபோது அதைப் பற்றிக்கொண்டிருந்தவளும் அவளேதான். பின்னால் குதித்துவிட்டதால் தொட்டி அவள்மேல் விழவில்லை; தரையில் விழுந்து உடைந்தது. உடைந்த பீங்கான் கத்தியைப் போன்றது. ஒரு துண்டு கணுக்காலுக்கு மேலே கிழித்துவிட்டது. நான்கு தையல். தண்ணீர்க் குழாயும் பிய்த்துக்கொண்டு வந்ததால் கழிப்பறை முழுக்க வெள்ளம். தலைமைக் குழாயை அடைக்க ஓடினேன். திரும்பி வரும்வரை அவளைத் தூக்கி வைத்திருந்தது, துப்புரவுப் பணியாளரான அம்மையார்.

மருந்தகத்தில் அவளுடைய தாயார் என்னைத் திட்டவில்லை. "சுவத்துல மாட்டுனது எப்படி ஐயா கழண்டு வரும்?" என்று மட்டும் கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. மாட்டியவன் நான்தான் என்பதை மட்டும் சொன்னேன். மறுநாள் தலைமையாசிரியருக்கு எழுதிய அறிக்கையில், மாணவி ஒரு வாரத்துக்கு முன்பே தெரிவித்தாள் என்பதையும் சேர்த்து எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத ஓய்வுநேரப் பாடவேளை முழுவதும் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து மாணவியின் தாத்தா பள்ளிக்கு வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பல்லாண்டு தச்சுவேலை பார்த்தவர். லயத்து வீடுகளின் பலகைச் சுவர்களையும் கூரைகளையும் பழுது பார்த்த கை. சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்து அலுவலக வாசலில் எழுந்து நின்றேன். "அந்தச் செவுத்தைக் காட்டுங்க வாத்தியாரே" என்றார்.

சுவரில் இரண்டு பெரிய ஓட்டைகள். நெகிழிப் 'பிளக்'குகள் திருகாணியோடு சேர்ந்து வெளியே வந்திருந்தன. பெரியவர் ஓட்டையின் ஓரத்தைக் கிள்ளினார். ஈரமான ஜிப்சம் இட்லி மாவைப் போலக் கையோடு வந்தது. பிறகு விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். 'டொக்கு டொக்கு' என்று வெறும் பெட்டியைத் தட்டும் ஓசை. ஓரிடத்தில் மட்டும் 'டிக்' என்று தடித்த ஓசை. "இங்கதான் கம்பி நிக்குது. நீங்க அடிச்ச எடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் அட்டையில அடிச்சிருக்கீங்க" என்றார்.

அந்தப் பிற்பகல் அறிவியல் அறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வந்தேன். ஜிப்சம் பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணித் தலைகள் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும். காந்தம் அவற்றைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிடைக்கும். அதுதான் குத்துச்சட்டம். எங்கள் சுவரில் அறுபது செண்டிமீட்டருக்கு ஒன்றாக நின்றது. நாற்பது செண்டிமீட்டருக்கு ஒன்று வைப்பதும் உண்டு. நான் இட்ட இரண்டு துளைகளும் இரண்டு சட்டங்களுக்கு இடையே, சரியாக வெற்றிடத்தில் இருந்தன.

குத்துச்சட்டம் என்றதும் இரும்புத் தூணை நினைத்துவிட வேண்டா. பள்ளிகளிலும் கடைவீடுகளிலும் அறை பிரிக்கப் பயன்படும் சட்டம் துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்தது. தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். சுவர் நிமிர்ந்து நிற்க அது போதும். ஆகவே சட்டத்தைக் கண்டுபிடித்து அதிலேயே திருகாணியை அடித்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்கக்கூடாது. மெல்லிய தகட்டில் திருகாணியின் மறை ஒன்றிரண்டுதான் பிடிக்கும். ஆட்டி ஆட்டி இழுத்தால் துளை பெரிதாகித் திருகாணி நழுவிவிடும். மரச்சட்டம் உள்ள பழைய பலகை வீடுகள் இந்த வகையில் மேலானவை. திருகாணி மரத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கிப் பற்றிக்கொள்ளும்.

சரி, பத்துக் கிலோ தொட்டி ஏன் விழுந்தது? அன்றிரவு பழைய நேர அட்டவணையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். தொட்டியைச் சுவரோடு பிணைக்கும் இரண்டு துளைகளும் மேலே இருக்கின்றன. அவற்றுக்குப் பத்துச் செண்டிமீட்டர் கீழே தொட்டியின் அடிவிளிம்பு சுவரில் முட்டுகிறது. முன்விளிம்பை அழுத்தினால் தொட்டி அந்த அடிவிளிம்பை ஊன்றுகோலாகக் கொண்டு முன்னே சாயப் பார்க்கும். மேலே உள்ள திருகாணிகள்தாம் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள குழந்தை, நாற்பது செண்டிமீட்டர் தொலைவில் முன்விளிம்பில் தொங்கினால், இருபது பெருக்கல் நாற்பது, எண்ணூறு. தொட்டியின் சொந்த எடை பத்துக் கிலோ, இருபது செண்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால் இருநூறு. கூட்டினால் ஆயிரம். அதைப் பத்துச் செண்டிமீட்டரால் வகுத்தால் நூறு. அதாவது இருபது கிலோ குழந்தை தொங்கும்போது, சுவரிலிருந்து பிய்த்தெடுக்கும் விசை நூறு கிலோ எடைக்கு ஈடு. திருகாணி ஒன்றுக்கு ஐம்பது. குழந்தை மெல்லத் தொங்காமல் எம்பிக் குதித்துத் தொங்கினால் அதுவும் இரட்டிப்பாகும். இதையெல்லாம் அரை அங்குல ஜிப்சத்தில் செருகிய ஒரு நெகிழித் துண்டு தாங்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். ஈ.என். 14688 என்னும் ஐரோப்பியத் தரநிலை, சுவரில் தொங்கும் கைகழுவும் தொட்டி 1.5 கிலோநியூட்டன் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். ஒரு கைகழுவும் தொட்டிக்கு இவ்வளவா என்று அப்போது தோன்றியது; கணக்கைப் போட்டபின் தோன்றவில்லை.

கணக்கைவிட என்னை உறுத்தியது வேறொன்று. குழந்தை ஏன் தொங்கினாள்? குறும்பா? மறுநாள் கழிப்பறை வாசலில் நின்று, பழைய தொட்டியில் கைகழுவும் குழந்தைகளைக் கவனித்தேன். ஏழு வயதுக் குழந்தைக்கு 82 செண்டிமீட்டர் என்பது ஏறக்குறைய அக்குள் உயரம். குழாயோ பின்பக்கச் சுவரோரம். எட்டவில்லை. ஒவ்வொரு குழந்தையும் முன்விளிம்பை இரு கைகளாலும் பற்றி, கால் விரல்களில் எம்பி, மார்பை விளிம்பில் சாய்த்து, ஒரு கையை நீட்டித்தான் குழாயைத் திறக்க முடிந்தது. ஒவ்வொரு குழந்தையும்! நாளொன்றுக்கு ஐந்தாறு முறை கழுவச் சொன்னவர்கள் நாங்கள். எனக்கு வாட்டமான உயரத்தில் மாட்டிவிட்டு, தொங்காதீர்கள் என்று அறிவிப்பு ஒட்டுவதில் என்ன பயன்?

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் பெரியவரும் நானும் பள்ளிக் காவலரும் சேர்ந்து மீண்டும் வேலையைத் தொடங்கினோம். தொழில்முறைக் குத்தகையாளர் ஒருவரை அழைக்கலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். பெரியவர், "நானே வந்து நிக்கிறேன், வாத்தியாருக்கும் தெரியட்டும்" என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. குழாய் இணைப்புக்கு மட்டும் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் வந்து போனார்.

முதலில் தண்ணீரை அடைத்தோம். அந்தச் சுவரில் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, முன்னெச்சரிக்கையாக அந்தப் பகுதியின் மின்சாரத்தையும் நிறுத்தினோம். பிறகு ஜிப்சம் பலகையை வெட்டித் திறந்தோம். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவரை அகலம். தரையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை உயரம். சட்டத்தின் நடுவில் வெட்டினால்தான் புதுப்பலகையைத் திரும்ப அடிக்கப் பாதிச் சட்டமாவது மிஞ்சும். ரம்பத்தை ஆழமாக விடாமல், பலகையின் கனத்துக்கு மட்டும் விட்டு வெட்டினார் பெரியவர். அவர் அப்படிச் செய்ததால்தான் உள்ளே போன தண்ணீர்க் குழாய் தப்பியது.

திறந்த சுவருக்குள் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தகட்டுச் சட்டங்கள், குழாய், தூசி. என் திருகாணிகள் பற்றியிருக்கக்கூடியது எதுவுமே அங்கில்லை.

சட்டங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கனத்த பிளைவுட் பலகையை வைத்து, இருபுறமும் முடுக்கிவிடுவது பொதுவான வழி. நல்ல வழிதான். ஆனால் பெரியவர் தகட்டுச் சட்டங்களை நம்பவில்லை. "எடை தரைக்குப் போவணும் வாத்தியாரே. தகரத்துல தொங்கக்கூடாது" என்றார். தோட்டத்தில் அவருடைய பலகை வீட்டை உடைத்தபோது எடுத்து வைத்திருந்த செங்கால் மரத்துண்டுகளைக் கொண்டு வந்திருந்தார். நம் நாட்டுச் செங்கால் மரம் கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் அஞ்சாதது. மெராந்தி மலிவு, ஆனால் மருந்திடாத மெராந்தியைச் சுவருக்குள் வைத்து மூடினால் கரையானுக்கு விருந்து வைத்ததாகும்.

இரண்டு கால்கள், மூன்றங்குலத்துக்கு இரண்டங்குலம். அவற்றுக்கு இடையே மேற்பகுதியில் நான்கங்குலக் கட்டைகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. தரையில் வைத்தே ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி, ஒரு சிறிய மேசையின் சட்டத்தைப் போல முடுக்கிவிட்டார். அந்தக் கூட்டை அப்படியே தூக்கிச் சுவருக்குள் நிறுத்தினோம். கால்கள் அடித்தகட்டின் வழியே கற்காரைத் தரையில் ஊன்றி நின்றன. பிறகு இருபுறமும் குத்துச்சட்டங்களோடு ஓரடிக்கு ஒன்றாகத் திருகாணி அடித்தோம். தொட்டியின் எடையைக் கால்கள் தரைக்குக் கொண்டு போகும். முன்னே சாயாமல் சட்டங்கள் பிடித்துக்கொள்ளும். (கால்கள், தரை, ஊன்றுதல் என்றதும் பரிசளிப்பு விழா மேடையில் பேசும் 'அடித்தளம்' உரை எனக்கும் நினைவுக்கு வந்தது. விட்டுவிடுகிறேன்.)

கட்டைகளை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு அளவெடுக்க ஆள் வேண்டியிருந்தது. தாத்தாவோடு வந்து சேமிப்பறை வாசலில் அமர்ந்திருந்த பேத்தியைக் கூப்பிட்டோம். கட்டு பிரிக்கப்பட்டுவிட்டது, வடு மட்டும் சிவந்திருந்தது. சுவரருகே நின்று முழங்கையை மடக்கச் சொன்னோம். முழங்கைக்குச் சற்றுக் கீழே விளிம்பு வர வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினோம். 62 செண்டிமீட்டரில் நிறுத்தியபோது கையை நீட்டிப் பார்த்தாள்.

"இப்ப எட்டுது ஐயா."

நான் எதையும் திருத்தவில்லை. 62 என்று எழுதிக்கொண்டேன்.

சுவரை மூடும்போது பழைய ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் பலகை போட்டோம். ஜிப்சம் ஈரம் பட்டால் வலுவிழக்கும். பச்சை நிறத்தில் வரும் ஈரம் தாங்கும் ஜிப்சமும் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் நாள்தோறும் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்குச் சிமெண்ட் பலகையே மேல். மூடுவதற்கு முன் அளவுநாடாவை நிறுத்தி வைத்துச் சுவரின் உட்புறத்தைப் படமெடுத்துக்கொண்டேன்.

பிறகு துளை. ரசமட்டம் வைத்துக் கோடு கிழித்து, தொட்டியைப் பிடித்துக் குறித்துக்கொண்டு, முதலில் சிறிய துளை, அப்புறம் அதைச் சற்றுப் பெரிதாக்கியது. செங்கால் மரத்தில் முன்துளை இல்லாமல் எதுவும் இறங்காது. இறங்கினால் மரம் பிளக்கும். ஒரு முனையில் மரத்துக்கான மறையும் மறுமுனையில் 'நட்' போடுவதற்கான மறையும் உள்ள பத்து மில்லிமீட்டர் போல்ட்டுகள் கைகழுவும் தொட்டிக்கென்றே கடையில் கிடைக்கும். மறையில் சவர்க்காரம் தடவி, இரண்டு 'நட்'டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அவற்றைப் பிடித்துத் திருகி மரத்துக்குள் இறக்கினோம். இந்த முறை கை வலித்தது. மரத்தின் மஞ்சள் தூள் கொட்டியது.

தொட்டியை மாட்டும்போது பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவில் நெகிழி வாஷர் கட்டாயம் வேண்டும். கையால் முடிந்த மட்டும் முடுக்கிவிட்டு, ஸ்பானரால் கால் சுற்று. அதற்குமேல் வலிமையைக் காட்டினால் 'டிக்' என்று ஓர் ஓசை கேட்கும், தொட்டி போய்விடும். சிலிக்கோனை உடனே பூசப் பெரியவர் விடவில்லை. "பசையப் போட்டா ஆடுறது தெரியாது" என்றார். என் பழைய பிழையை அவர் சுட்டிச் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

தொட்டியின் மேல்விளிம்பை ஒட்டிச் சுவரில் மெல்லிய பென்சில் கோடு இழுத்தோம். விளிம்பின்மேல் பழைய துணியைப் போட்டு, அதன்மேல் பலகை வைத்து, முன்பக்கமாக ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றினோம். ஐம்பது கிலோ. அரை மணி நேரம் கழித்து இரண்டாவது மூட்டை. கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை என்பதை எழுதுவதில் வெட்கமில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்ததும் கோட்டைத்தான் பார்த்தேன். கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு தாள்கூடப் போகவில்லை. அதன் பிறகுதான் குழாய் இணைப்பு, அதன் பிறகே சிலிக்கோன்.

பழைய தொட்டியையும் பிறகு தாழ்த்தி மாட்டினோம். அது கற்சுவரில் இருந்ததால் வேலை அரை நாளில் முடிந்தது.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள். வரிசை வீடுகளின் குளியலறைச் சுவர் பெரும்பாலும் செங்கல்தான். ஆனால் பின்னால் இழுத்துக் கட்டிய பகுதியிலும், அறையைப் பிரித்து உண்டாக்கிய குளியலறையிலும் ஜிப்சம் சுவர் இருக்கக்கூடும். விரலால் தட்டிப் பாருங்கள், ஐயமிருந்தால் காந்தம். சுவரைத் திறக்க முடியாத வாடகை வீடு என்றால், தரையில் நிற்கும் அலமாரியோடு கூடிய தொட்டியை வாங்குவது நல்லது. சிறகு விரிந்து பலகையின் பின்பக்கம் பற்றிக்கொள்ளும் போல்ட்டுகளைக் கடைக்காரர் காட்டுவார். படம் மாட்ட அவை போதும். தொட்டிக்கு வேண்டா, பற்றுவது அதே ஜிப்சத்தைத்தான். தொட்டிக்கு அடியில் பீங்கான் தூண் இருந்தால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தூண் எடையைத்தான் தாங்கும். தொட்டி முன்னே சாய்வதை அது தடுக்காது. குத்தகையாளரிடம் கொடுத்தால், "போல்ட் எதைப் பிடிக்கப் போகிறது?" என்று கேளுங்கள். சுவரை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இவ்விடயத்தில் எனக்கில்லை. நான் செய்வதை மட்டும் சொல்கிறேன். வகுப்புக்கு வெளியே குழந்தைகள் ஓடி வந்து எதையாவது சொன்னால், முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மொழித்திருத்தம் வகுப்பில் நடக்கிறது. திங்கட்கிழமைக் காலைகளில் சபைகூடல் தொடங்குமுன் கழிப்பறைக்குப் போய், தொட்டிகள் ஒவ்வொன்றின் முன்விளிம்பையும் பிடித்து அழுத்திப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. சிலிக்கோன் கோட்டில் முடி அளவு விரிசல் கண்டால்கூடப் பணியாளரை அழைக்கிறேன். இரண்டு முறை வீண் பயம். ஒரு முறை 'நட்' தளர்ந்திருந்தது.

சுவரை மூடுமுன் எடுத்த படத்தை அச்சிட்டுச் சேமிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறோம். நான் மாற்றலாகிப் போனாலும் அடுத்து யாராவது அந்தச் சுவரில் கைவைப்பார்கள் அல்லவா? படத்துக்குக் கீழே பெரியவர் சொல்ல நான் எழுதியது இது: "தரையிலிருந்து 44 முதல் 64 செண்டிமீட்டர் வரை செங்கால் கட்டை உள்ளது. அதற்கு மேலே ஒன்றுமில்லை."